நிலக்கரிச் சுரங்கத்தின் ரயில் சைடிங்: அதன் வரலாற்றைத் தேடி எழுதும் முறை

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வரலாற்றை எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் குழி தோண்டிய ஆண்டு, உரிமையாளர்களின் பெயர்கள், நேர்ந்த விபத்துகள், சுரங்கம் மூடப்பட்ட நாள் என்ற வரிசையில் எழுதி முடித்துவிடுகிறார்கள். சுரங்கத்தின் வாசலில் கிடந்த தண்டவாளங்களுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. இதைப் பெரிய இழப்பாகவே நான் கருதுகிறேன். வெட்டிய கரி விலைபோனால்தான் சுரங்கம் நிலைக்கும். கரி விலைபோன வழி மாறியபோதெல்லாம், சைடிங் எனப்படும் அந்தக் கிளைத் தண்டவாளங்களின் வடிவமும் மாறியிருக்கிறது. புதிய வாடிக்கையாளர் வந்தால் ஒரு பாதை கூடியிருக்கும், சலிக்கும் முறை மாறினால் பாதைகளின் வரிசை மாறியிருக்கும், விற்பனை குறைந்தால் வேகனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயிண்ட் ஒன்று கழற்றப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கப் பழகியவருக்குச் சுரங்கத்தின் வரவுசெலவுப் புத்தகம் கையில் கிடைத்தது போலத்தான்.

அப்படிப் படிக்கும் முறையை, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குத் தெற்கே உள்ள மிடில்டன் சுரங்கப் பாதையை முன்வைத்து விளக்குகிறேன். 1758 முதல் தொடர்ச்சியாகச் சான்றுகள் கிடைக்கும் பாதை அது. அதன் பழைய வரைபடங்களை எந்த ஊரிலிருந்தும் இணையத்தில் பார்க்கலாம் என்பதால், பழகுவதற்கும் ஏற்றது. இந்தியச் சுரங்கங்களைத் தேடுபவர்களுக்கு எங்கெங்கே முறை வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

தேடலைத் தொடங்கும் முன்

சைடிங் என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம் என்பதை முதலில் மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். பிரதான பாதையிலிருந்து பிரிந்து, ரயில்வேயின் இன்ஜின் காலி வேகன்களைக் கொண்டுவந்து விட்டு நிறைந்த வேகன்களை எடுத்துச் செல்லும் ஒப்படைப்புப் பாதைகள் ஒரு வகை. அங்கிருந்து சுரங்கத்தின் சொந்த இன்ஜினோ குதிரையோ வேகன்களை இழுத்துச் சென்ற, சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமான கிளைப்பாதை மற்றொரு வகை. சுரங்க வளாகத்துக்குள்ளேயே கரி சலிப்பதற்கும் கழிவுக் கல்லைக் கொட்டுவதற்கும் சுரங்கக் கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டை மரம் இறக்குவதற்கும் போடப்பட்ட பாதைகள் மூன்றாவது வகை. இந்த மூன்றுக்கும் உரிமையாளர் வேறு, ஆவணம் வேறு, பிறந்த ஆண்டும் வேறு. முதல் வகையின் காகிதங்கள் ரயில்வேயின் ஆவணங்களில் இருக்கும். மூன்றாவது வகையின் காகிதங்கள் சுரங்க நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கும் அல்லது அழிந்திருக்கும். எதைத் தேடுகிறோம் என்று பிரித்துக்கொள்ளாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனால், இல்லாத கோப்பைத் தேடியே நாள்கள் கழிந்துவிடும்.

அதைப் போலவே, திறந்த ஆண்டு என்று ஒரே எண்ணை எழுதி நிறுத்திவிடாதீர்கள். அனுமதி கிடைத்த நாள், தண்டவாளம் போட்டு முடித்த நாள், முதல் வேகன் கரியோடு வெளியே வந்த நாள், கடைசி வேகன் போன நாள், தண்டவாளம் பெயர்க்கப்பட்ட நாள் ஆகிய ஐந்துக்கும் நோட்டில் தனித்தனி இடம் விடுங்கள். இரண்டு நூல்கள் ஒரே சைடிங்குக்கு இரண்டு ஆண்டுகளைத் தருவது போலத் தோன்றும் இடங்களில், ஒன்று அனுமதியையும் மற்றொன்று முதல் வேகனையும் சொல்லியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கரி எங்கே போனது

தண்டவாளத்தைத் தேடும் முன் கரியை வாங்கியவரைத் தேட வேண்டும். மிடில்டனில் இந்தக் கேள்விக்கான விடையிலிருந்தே எல்லாம் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லீட்ஸ் நகரத்துக்குக் கரி விற்கப் போட்டியிட்ட மற்றச் சுரங்கக்காரர்களுக்கு ஆற்றுப் படகு வசதி இருந்தது. மிடில்டன் சுரங்கங்களின் உரிமையாளரான சார்லஸ் பிராண்ட்லிங்குக்கு அது இல்லை. சாலை வழியாக வண்டியில் ஏற்றினால் கூலியே விலையைத் தின்றுவிடும். ஆகவே மரத் தண்டவாளங்களின் மேல் குதிரை இழுக்கும் வேகன் பாதை ஒன்றை நகரம் வரை போட முடிவு செய்தார். இடையில் இருந்த நிலங்களின் உரிமையாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் எதிர்காலத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக 1758இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தையே நிறைவேற்றச் செய்தார். நாடாளுமன்றச் சட்டத்தால் அனுமதி பெற்ற முதல் ரயில் பாதை அதுதான். அந்தச் சட்டத்தின்படி பிராண்ட்லிங் ஆண்டுதோறும் 2,40,000 கூடைக் கரியை, கூடைக்கு 210 பவுண்டு எடையில், ஏறத்தாழ 22,500 டன் அளவுக்கு நகரத்துக்குத் தர வேண்டும். கூடையின் விலை நாலே முக்கால் பென்னி. ஒரு பாதையின் பிறப்புச் சான்றிதழிலேயே வாங்குபவர், அளவு, விலை ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருப்பது அரிது.

வங்காளத்தின் ராணிகஞ்ச் கரிவயலுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அங்கே 1774லேயே கரி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வெட்டிய கரி கல்கத்தாவுக்குப் போக தாமோதர் ஆற்றில் வெள்ளம் வரும் மழைக்காலத்தை எதிர்பார்த்துக் கரையிலே குவிந்து கிடந்தது. 1855 பிப்ரவரியில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் பாதை ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் வரை திறக்கப்பட்ட பிறகுதான் ஆண்டு முழுவதும் கரி நகர்ந்தது. ஆகவே ராணிகஞ்ச் பகுதியில் ஒரு பழைய குழியின் சைடிங்கைத் தேடுபவர் 1855க்கு முன்பு தண்டவாளத்தைத் தேட வேண்டியதில்லை. ஆற்றங்கரைத் துறையையும் அதற்குப் போன மாட்டுவண்டிப் பாதையையும் தேட வேண்டும். இதற்கு நேர்மாறாக, நம் நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரி பக்கத்திலேயே கட்டப்பட்ட அனல் மின் நிலையத்துக்குக் கன்வேயர் பெல்ட்டில் போகிறது. ராணிகஞ்சைப் போல வேகன் நிறைக்கும் பெரிய யார்டு அங்கே ஏன் தேவைப்படவில்லை என்பதற்கும் விடை, கரியை எரித்தவர் குழிக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பதில்தான் இருக்கிறது.

வரைபடத்தைப் படித்தல்

அடுத்த வேலை வரைபடம். இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பிரிட்டனுக்கு அதன் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அவற்றைத் தன் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்க வைத்திருக்கிறது. பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் படியவைத்து, கண்ணாடி போல மங்கச் செய்தும் தெளியச் செய்தும் பார்க்கும் வசதி அங்கே உண்டு. லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயர் மாவட்டத்துக்கு, மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் 1840களில் எடுக்கத் தொடங்கிய சர்வேயும், பிற்காலத்தில் மைலுக்கு 25 அங்குலம் என்ற பெரிய அளவில் எடுத்த சர்வேயும் கிடைக்கின்றன. 6 அங்குல வரைபடத்தில் பாதை எந்தத் திசையில் போனது என்பது தெரியும். தண்டவாளங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுமானால் 25 அங்குல வரைபடம் இன்றி முடியாது.

வரைபடத்தின் விளிம்பில் சர்வே எடுத்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று மூன்று எண்கள் இருக்கும். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது சர்வே அல்லது திருத்தத்தின் ஆண்டை மட்டுமே. நான் முதன்முதலில் ஒரு சைடிங்கைத் தேடியபோது அச்சிட்ட ஆண்டையே எழுதிவைத்து, அதன் மேல் முழு விளக்கத்தையும் கட்டி, பின்னர் எல்லாவற்றையும் அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு சைடிங் 1890களின் வரைபடத்தில் இல்லாமல் 1900களின் வரைபடத்தில் இருந்தால், அந்த இரண்டு சர்வேக்களுக்கும் இடையில் அது போடப்பட்டது என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு சொல்லையும் வரைபடத்தின் பெயரால் எழுதக் கூடாது.

இனி ஒரு சுரங்க யார்டை அருகில் வைத்துப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் சுரங்கங்கள் பலவற்றில், பாதைகள் ஒருபுறம் சற்று உயரமாகவும் மறுபுறம் சற்றுத் தாழ்வாகவும் இருக்கும்படி தரையைச் சாய்த்து அமைத்திருப்பார்கள். உயரமான முனையில் காலி வேகன்கள் வந்து நிற்கும். பிரேக்கைத் தளர்த்தினால் வேகன் தன் எடையாலேயே மெல்ல உருண்டு சலிப்புக் கூடத்தின் அடியில் வந்து நிற்கும். குழியிலிருந்து ஏறிவரும் கரி கூடத்தின் மேல்தளத்தில் சல்லடைகளின் வழியே அளவுவாரியாகப் பிரிந்து, பெரிய கட்டி ஒரு சரிவிலும் நடுத்தரக் கட்டி ஒரு சரிவிலும் தூள் மற்றொரு சரிவிலுமாக, அடியில் நிற்கும் வெவ்வேறு வேகன்களில் விழும். ஆகவே கூடத்தின் அடியில் எத்தனை தண்டவாளங்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன என்று எண்ணினால், அந்தச் சுரங்கம் தன் கரியை எத்தனை அளவாகப் பிரித்து விற்றது என்று பெரும்பாலும் கணித்துவிடலாம். முதல் வரைபடத்தில் இரண்டு பாதைகளாகவும் அடுத்ததில் ஐந்து பாதைகளாகவும் இருந்தால், இடைப்பட்ட காலத்தில் வீட்டு அடுப்புக்கும் கொதிகலனுக்கும் எரிவாயு ஆலைக்கும் தனித்தனியாக விற்கத் தொடங்கியிருக்கக்கூடும் என்பது நீங்கள் ஆவணத்தில் தேடிச் சரிபார்க்க வேண்டிய ஊகம்.

நிறைந்த வேகன் கூடத்தைத் தாண்டி மேலும் உருண்டு எடைமேடைக்கு வரும். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் எடைமேடையை டபிள்யூ, எம் என்ற இரண்டு எழுத்துகளால் குறித்திருப்பார்கள். யார்டு முழுவதையும் புரிந்துகொள்ள அந்த இரண்டு எழுத்துகளே திறவுகோல் என்பேன். எடைமேடைக்கு முன்னால் உள்ளவை சுரங்கம் கரியைத் தயார் செய்யும் பாதைகள்; பின்னால் உள்ளவை, விற்ற கரி ரயில்வேயின் இன்ஜினுக்காகக் காத்திருக்கும் பாதைகள். யார்டு எந்தத் திசையில் இயங்கியது என்று தெரியாமல் குழம்பும்போது எடைமேடையைக் கண்டுபிடியுங்கள், திசை விளங்கிவிடும். ஒரே யார்டில் சாலையின் ஓரமாக இன்னொரு சிறிய எடைமேடை இருந்தால், அது வண்டிகளில் வந்து கரி வாங்கிச் சென்ற உள்ளூர்க்காரர்களுக்கானது.

சாய்ந்த தரையில் நிற்கும் வேகன் தப்பி உருண்டு பிரதான பாதைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, சைடிங் பிரதான பாதையோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாயிண்ட்டை வைத்து, தப்பிய வேகனைத் தரையில் இறக்கித் தடம்புரளச் செய்வார்கள், அல்லது மணற்குவியலில் முடியும் ஒரு குட்டிப் பாதைக்குத் திருப்புவார்கள். வரைபடத்தில் எங்கும் போகாமல் நின்றுவிடும் அந்தச் சிறு கோட்டைப் பார்த்து முடிக்கப்படாத பாதை என்று எழுதிவிட வேண்டாம்.

இந்தியாவுக்கு இவ்வளவு பெரிய அளவிலான பொது வரைபடங்கள் இல்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் மைலுக்கு ஓர் அங்குல வரைபடத்தில் சைடிங் ஒரு மெல்லிய கோடாக மட்டுமே தெரியும். தண்டவாளங்களை எண்ண முடியாது. இங்கே யார்டின் உள்ளமைப்பை அறிய ரயில்வேயின் யார்டுப் படங்களும் சுரங்கத் திட்டப் படங்களும்தான் வழி.

தண்டவாள அகலமும் அதன் பொருளும்

தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலத்தைத் தனித்தலைப்பில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சைடிங்கின் வரலாற்றில் பெரிய திருப்பங்கள் பெரும்பாலும் அகலம் மாறிய ஆண்டில்தான் நடந்திருக்கின்றன. மிடில்டன் பாதையின் அகலம் 4 அடி 1 அங்குலம். நாட்டின் பொது ரயில் பாதைகளோ 4 அடி எட்டரை அங்குலம். ஆகவே மிடில்டனின் வேகன் பொதுப் பாதைக்குள் நுழைய முடியாது; லீட்ஸைத் தாண்டி யாருக்காவது கரி அனுப்ப வேண்டுமானால் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொரு வேகனில் ஏற்ற வேண்டும், அப்படி ஏற்றும்போது கட்டி உடைந்து விலை குறையும். 1881இல் பாதையைப் பொது அகலத்துக்கு மாற்றி மிட்லாண்ட் ரயில்வேயோடு இணைத்தார்கள். அந்த ஆண்டு வரை அது ஒரு நகரத்துக்குக் கரி தந்த பாதை, அதற்குப் பிறகு நாடு முழுவதற்கும் கரி தரக்கூடிய சைடிங். நீங்கள் எழுதும் சைடிங்கிலும் இத்தகைய ஆண்டு ஒன்று இருந்தால் அதை வரலாற்றின் முதுகெலும்பாக வைத்து முன்னும் பின்னும் எழுதுங்கள்.

இழுக்கும் ஆற்றல் மாறியதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நெப்போலியனோடு நடந்த போரின் காரணமாகக் குதிரையின் விலையும் தீவனத்தின் விலையும் ஏறியபோது, மிடில்டன் சுரங்கங்களின் மேலாளர் ஜான் பிளென்கின்சாப் நீராவி இன்ஜினை நாடினார். அன்றைய வார்ப்பிரும்புத் தண்டவாளம் கனமான இன்ஜினைத் தாங்காமல் உடையும். இலகுவான இன்ஜினோ பாரமுள்ள வேகன்களை இழுக்கும்போது சக்கரம் வழுக்கும் என்று அஞ்சப்பட்டது. அதற்கு அவர் கண்ட வழி, 1811இல் காப்புரிமை பெற்ற பல்தண்டவாளம். ஒரு பக்கத்துத் தண்டவாளத்தின் வெளிப்புறத்தில் அடிக்கு இரண்டு பற்கள் வீதம் வார்த்து, இன்ஜினின் 20 பற்கள் கொண்ட சக்கரம் அவற்றைப் பற்றி நடக்கும்படி செய்தார். சக்கரம் ஒருமுறை சுற்றினால் இன்ஜின் 10 அடி நகரும். மேத்யூ முர்ரே கட்டிய சாலமாங்கா என்ற இன்ஜின் 1812 ஆகஸ்ட் 12 அன்று பொதுமக்கள் முன்னிலையில் ஓடியது. வணிக வெற்றி கண்ட முதல் நீராவி ரயில் இன்ஜின் அதுவே.

இந்த வழிகாட்டியின் நோக்கத்துக்கு முக்கியமானது இதற்குப் பின் நடந்தது. 1830களின் நடுப்பகுதியில் மிடில்டன் மீண்டும் குதிரைக்குத் திரும்பியது. 1866இல்தான் நீராவி மறுபடி வந்தது. இந்த 30 ஆண்டு இடைவெளியைப் பலர் கவனிக்காமல் 1812 முதல் தொடர்ந்து நீராவி ஓடியதாக எழுதிவிடுகிறார்கள். சைடிங்கின் வரலாறு எப்போதும் முன்னேறிக்கொண்டே போகும் என்ற எண்ணத்தோடு ஆவணத்தைத் திறக்காதீர்கள். கரி விலை விழுந்த காலத்தில் பாதை பின்னோக்கியும் போகும்.

காகிதங்கள் கிடைக்கும் இடம்

பொது ரயில் பாதையோடு ஒரு சுரங்கத்தின் பாதையை இணைக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டதா என்பது அடிக்கடி எழும் ஐயம். பிரிட்டனில் 1845ஆம் ஆண்டின் ரயில்வே விதிகள் தொகுப்புச் சட்டம், பாதைக்கு அடுத்த நிலத்தின் உரிமையாளர் தன் நிலத்தில் தன் செலவில் கிளைப்பாதை போட்டு ரயில்வேயோடு இணைத்துக்கொள்ளும் உரிமையைத் தன் 76ஆம் பிரிவில் கொடுத்தது. ஆகவே பெரும்பாலான சுரங்கச் சைடிங்குகளுக்கு நாடாளுமன்றச் சட்டத்தைத் தேடுவது வீண். உங்களுக்குத் தேவையானது தனியார் சைடிங் ஒப்பந்தம் என்ற காகிதம். இணைப்பு பாயிண்ட்டுக்கும் சிக்னலுக்கும் செலவு யாருடையது, எல்லைக்கோடு எங்கே, எவ்வளவு முன்னறிவிப்போடு துண்டிக்கலாம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பெரும்பாலும் நிறம் தீட்டிய ஒரு படமும் இணைந்திருக்கும். ரயில்வேயின் நிலம் ஒரு நிறத்திலும் சுரங்கத்தின் நிலம் வேறு நிறத்திலும் தீட்டப்பட்ட அந்தப் படம், முன்பு சொன்ன மூன்று வகைப் பாதைகளை ஒரே பார்வையில் பிரித்துக் காட்டிவிடும். பழைய ரயில் நிறுவனங்களின் ஆவணங்களும், பிற்காலத்தில் சுரங்கங்களை நடத்திய அரசு அமைப்பான தேசிய நிலக்கரி வாரியத்தின் ஆவணங்களும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பட்டியலை இணையத்திலேயே தேடலாம்.

ஒரு சைடிங் குறிப்பிட்ட ஆண்டில் இருந்ததா என்று விரைவில் அறிய, ரயில் நிறுவனங்களுக்கிடையே கணக்குத் தீர்த்த ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு வெளியிட்ட நிலையக் கையேடுகள் உதவும். ஒவ்வொரு நிலையத்தின் கீழும் அதைச் சார்ந்த தனியார் சைடிங்குகளின் பெயர்களை அவை தருகின்றன. ஆனால் கையேட்டில் பெயர் இருந்ததால் வேகன் ஓடியது என்று முடிவு கட்டாதீர்கள். பயன்பாடு நின்ற சைடிங்கின் பெயர் அடுத்த பதிப்பு வரும்வரை அங்கேயே இருக்கும். அதைச் சரிபார்க்கச் சுரங்க ஆய்வாளர்களின் ஆண்டுப் பட்டியல்களை எடுத்து, அந்தக் குழியில் அந்த ஆண்டு எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று பாருங்கள். 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கைவிடப்பட்ட சுரங்கங்களின் வரைபடங்களை அரசிடம் ஒப்படைப்பது கட்டாயமாயிற்று. நிலத்தடி வேலையைக் காட்டுவதற்காக வரையப்பட்டவையானாலும், மேற்பரப்பில் இருந்த தண்டவாளங்களையும் சில படங்களில் காணலாம்.

இந்தியாவில் தேடுபவர்களுக்கு டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ரயில்வே துறைக் கோப்புகள் முதல் இடம்; அபிலேக் படல் என்ற அதன் இணையதளத்தில் பல கோப்புகளின் பட்டியலும் சிலவற்றின் நகலும் கிடைக்கின்றன. பழைய சென்னை மாகாண எல்லைக்குள் வந்த பாதைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பொதுப்பணித் துறைக் கோப்புகளைப் பார்க்கலாம். சுரங்கத்தின் பக்கத்திலிருந்து தேட, 1902இல் தொடங்கப்பட்டு இன்று தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் பழைய ஆண்டறிக்கைகளை எடுக்க வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரும்பு உருக்கப் பயன்படும் கோக் கரியின் சுரங்கங்கள் 1972லும் மற்றவை 1973லும் தேசியமயமாக்கப்பட்டு, 1975இல் கோல் இந்தியா நிறுவப்பட்டபோது, பக்கத்துப் பக்கத்துத் தனியார் குழிகள் பல ஒரே பெயரின் கீழ் இணைக்கப்பட்டன. 1972க்கு முந்தைய கோப்பில் இன்றைய பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

பெயர் ஏமாற்றும் என்பதற்குத் தெலங்கானாவின் சிங்கரேணியே சிறந்த எடுத்துக்காட்டு. 1871இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் கரிப்படிவத்தைக் கண்டறிந்தது எல்லந்துப் பகுதியில்; 1886இல் சுரங்க உரிமை பெற்ற ஹைதராபாத் டெக்கான் கம்பெனி வெட்டத் தொடங்கியதும் அங்கேதான். ஆனால் சற்றுத் தள்ளியிருந்த சிங்கரேணி என்ற கிராமத்தின் பெயரே கரிவயலுக்கும், டோர்னக்கல்லிலிருந்து பிரிந்துவந்த ரயில் கிளையின் முனை நிலையத்துக்கும், 1920இல் பதிவான சிங்கரேணி காலரீஸ் கம்பெனிக்கும் நிலைத்துவிட்டது. வரைபடத்தில் சிங்கரேணி கிராமத்தின் மேல் விரலை வைத்து சைடிங்கைத் தேடுபவர் ஏமாறுவார். எந்தச் சுரங்கத்தைத் தொட்டாலும் ஊர்ப் பெயர், குழிப் பெயர், நிலையப் பெயர், நிறுவனப் பெயர் என்ற நான்கையும் தனித்தனியே எழுதி, எந்தப் பெயர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வழங்கியது என்று முதலிலேயே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகனைக் கேளுங்கள்

பழைய ஒளிப்படம் ஒன்று கிடைத்தால் இன்ஜினைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்தாமல், பின்னால் நிற்கும் வேகன்களின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிரிட்டனில் சுரங்கங்களும் கரி வியாபாரிகளும் சொந்தமாக வேகன் வைத்திருந்தார்கள். தங்கள் பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் தீட்டி, காலியானால் எந்த நிலையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைச் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். சுரங்கத்தின் யார்டில் தொலைதூர ஊர் வியாபாரியின் வேகன் நின்றால், கரி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அதுவே சான்று. 1939இல் போர் தொடங்கியதும் அரசு தனியார் வேகன்களை ஒரே தொகுப்பில் சேர்த்துவிட்டது; 1948இல் ரயில்வே தேசியமயமானபோது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் வேகன்கள் அரசின் உடைமையாயின. ஆகவே 1939க்குப் பிந்தைய படத்தில் வேகனின் பெயரை வைத்து வாடிக்கையாளரை அடையாளம் காண முடியாது.

இந்த மாற்றத்தால் யார்டின் தேவையும் மாறியது. தனியார் வேகன் இருந்தவரை, ஒவ்வொரு காலி வேகனும் அதன் உரிமையாளரிடமே திரும்ப வேண்டும் என்பதால் பிரித்து அடுக்கப் பல பாதைகள் வேண்டும். தொகுப்பு வந்த பிறகு எந்த வேகனிலும் எவருடைய கரியையும் ஏற்றலாம். 1960களில் மின்நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே பிரிக்காமலே சுற்றிச் சுற்றி ஓடும் ரயில்கள் வந்ததும், சலிப்புக் கூடத்தின் அடியில் இருந்த ஐந்து பாதைகள் போய், உயரமான தொட்டியின் அடியில் ஒரே பாதை என்றாயிற்று. இந்தியாவிலும் ராமகுண்டம் அனல் மின் நிலையத்துக்குச் சிங்கரேணிக் கரி இத்தகைய சுற்றுப்பாதையில்தான் போகிறது. அடிப்பக்கம் திறந்து கரியைக் கொட்டும் வேகன்கள் நகர்ந்துகொண்டே காலியாகின்றன. மற்ற இடங்களுக்குப் போகும் பாக்ஸ்-என் என்ற மேல்திறந்த வேகன்கள் 58 கொண்ட முழு ரேக், அதாவது முழு வேகன் தொடர், நிற்க வேண்டுமென்பதால் புதிய சைடிங்குகளின் நீளத்தை ரேக்கே தீர்மானிக்கிறது. பழைய சைடிங்கில் பாதைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள், புதியதில் நீளத்தைப் பாருங்கள்.

தரையில் நடந்து பார்த்தல்

காகித வேலை முடிந்த பிறகே களத்துக்குப் போக வேண்டும். எதைத் தேடுவது என்று தெரியாமல் போனால் புல்லும் முட்செடியும் மட்டுமே தெரியும். நில உரிமையாளரின் அனுமதி இன்றிப் போகாதீர்கள். கைவிடப்பட்ட குழிவாய்களின் மேல் மூடி வலுவிழந்திருக்கலாம் என்பதால், வரைபடத்தில் பழைய குழி என்று குறித்த இடங்களை முன்னதாகவே உங்கள் படத்தில் சிவப்பால் சுற்றிக்கொண்டு, அவற்றைத் தவிர்த்தே நடங்கள். இயங்கும் பாதையின் மேல் ஒருபோதும் நடக்க வேண்டாம்.

குதிரைப் பாதை ஓடிய இடங்களில் முதலில் தேட வேண்டியது கற்கள். குதிரை தண்டவாளங்களுக்கு நடுவே நடக்க வேண்டும் என்பதால், குறுக்குக் கட்டைகள் காலைத் தடுக்கும் என்று பல பாதைகளில் இரு பக்கமும் தனித்தனியாகச் சதுரக் கற்களைப் புதைத்து, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட கல்லின் மேற்பரப்பில் ஆணிக்காகத் துளைத்த ஒன்றோ இரண்டோ துளைகள் இருக்கும். அவற்றுக்கு இடையே தண்டவாளத்தின் இருக்கை அழுந்தி வழவழப்பான ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருக்கும். விரலால் தடவினால் கல்லின் மற்றப் பகுதிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு புரியும். எதிரெதிரே இரண்டு கற்கள் இடம்பெயராமல் கிடைத்தால் இரண்டு பள்ளங்களின் மையங்களுக்கு இடையே அளந்து, அந்தப் பாதையின் அகலத்தை ஏறத்தாழக் கணக்கிடலாம். கற்களைப் பெயர்த்து எடுத்துவரக் கூடாது. இடத்தைவிட்டு எடுத்த கல் எதையும் சொல்லாது. அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

சுரங்கக் கட்டடங்களின் பழைய சுவர்களிலோ அருகில் உள்ள தோட்டச் சுவர்களிலோ இத்தகைய துளையிட்ட கல் ஒன்று தென்படுவதும் உண்டு. தண்டவாளம் மாற்றப்பட்டபோது கற்களை வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தரை மட்டத்தில் ஒன்றும் தெரியாத இடங்களில், இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்டுள்ள, விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த லைடார் உயரப் படத்தைப் பாருங்கள். மரத்தையும் புதரையும் நீக்கிவிட்டு மண்ணின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும் அந்தப் படத்தில், கண்ணால் பார்க்க முடியாத பழைய பாதையின் கரை ஒரு நேர்க்கோடாக எழுந்து நிற்கும்.

எழுதும்போது

சேர்த்தவற்றை எழுத உட்காரும்போது ஆண்டுவரிசைப் பட்டியலை முதலில் தயார் செய்து, ஒவ்வொரு வரியின் எதிரிலும் அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். வரைபடம் சொன்னதை வரைபடத்தின் பெயரிலும், ஒப்பந்தம் சொன்னதை ஒப்பந்தத்தின் பெயரிலும், ஓய்வுபெற்ற ஊழியர் சொன்னதை அவர் நினைவு என்றும் பிரித்து எழுத வேண்டும். பாயிண்ட்ஸ்மேனாகவோ எடைமேடை எழுத்தராகவோ வேலை செய்த ஒருவர் கிடைத்தால், ஆண்டுகளைக் கேட்பதைவிட ஒருநாள் வேலை எப்படி நடந்தது என்று கேளுங்கள்: முதல் காலி ரேக் எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பாதையில் நிறுத்தினார்கள், எது நிறைய எவ்வளவு நேரமானது, தாமதமானால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணத்தை யார் கட்டினார்கள். நினைவு ஆண்டுகளில் தவறும். தினசரி வேலையின் வரிசையில் பெரும்பாலும் தவறாது.

மூடிய பிறகு நடந்ததையும் எழுதுங்கள். மிடில்டன் பாதை 1947 ஜனவரி 1 அன்று தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தது. 1960 ஜூனில், லீட்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று அமைத்த தன்னார்வலர் குழு பாதையின் ஒரு பகுதியை எடுத்து இயக்கத் தொடங்கியது. பொது அகலப் பாதை ஒன்றைத் தன்னார்வலர்கள் எடுத்து ஓட்டியது அதுவே முதல்முறை. அந்தக் குழுவின் இன்ஜின்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வேகன்களையும் பல ஆண்டுகள் இழுத்தன. மிடில்டனின் கடைசிக் குழியான புரூம் பிட் 1968இல் மூடப்பட்டது. ஆக, சுரங்கம் மூடும் முன்பே அதன் பாதையின் ஒரு பகுதி வேறு கைக்குப் போய் வேறு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. சுரங்கம் மூடிய ஆண்டோடு நின்ற வரலாறு இதைத் தவறவிட்டிருக்கும். இன்று மூர் ரோடு நிலையத்திலிருந்து பார்க் ஹால்ட் வரை பயணிகள் அந்தத் தடத்தில் போய்வருகிறார்கள்.

எழுதி முடித்த பிரதியை உங்களிடமே வைத்துக்கொள்ளாமல், எடுத்த அளவுகளோடும் படங்களோடும் ஒரு நகலை அந்த ஊர் நூலகத்துக்கும், மற்றொன்றை நீங்கள் கோப்புகளைப் பார்த்த காப்பகத்துக்கும் கொடுங்கள். படங்களின் பின்புறத்தில் இடம், நாள், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற மூன்றையும் பென்சிலால் எழுதித் தர மறக்காதீர்கள்.